மேட்டி இல்லாத மார்ஷல்

'இரண்டாம் பாகத்தை முதல் பாகத்தோடு ஒப்பிடாதீர்கள்; தனிப்படமாக எண்ணிப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது' என்று திரைப்பட ஆர்வலர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெருந்தன்மையான அறிவுரைதான். ஆயினும் நாம் அதை ஏற்பதற்கில்லை. முதற்படத்தின் நாயகன் பெயரையே தலைப்பாக எழுதி, அவன் கண்பட்டையையும் தொப்பியையும் சுவரொட்டியில் வரைந்து, பழைய அன்பைக் காட்டிப் புதிய நுழைவுச்சீட்டை விற்றுவிட்டு, கணக்குக் கேட்கும்போது மட்டும் 'அது வேறு, இது வேறு' என்பது எந்த மன்றத்திலும் நிற்காத வழக்கு. ஒப்பிட வேண்டும் என்று அழைத்ததே அந்தப் படம்தான். எதை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

1969-இல் வெளிவந்த 'ட்ரூ கிரிட்' படத்தின் தொடர்ச்சியாக 1975-இல் வந்த 'ரூஸ்டர் காக்பர்ன்' பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். கௌபாய்ப் படங்களில் தோய்ந்தவர்களுக்கு இரண்டும் பழக்கமானவை. முதற்படத்தை இயக்கியவர் ஹென்றி ஹாத்தவே. சார்லஸ் போர்ட்டிஸ் 1968-இல் வெளியிட்ட நாவலுக்குத் திரைக்கதை எழுதியவர் மார்கரீட் ராபர்ட்ஸ். அரசியல் காரணங்களுக்காக ஹாலிவுட் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்த எழுத்தாளர் அவர். அவர் எழுதிய வசனத்தைப் பேசித்தான், அந்த ஒதுக்கலை வெளிப்படையாக ஆதரித்த ஜான் வெய்ன் தம் வாழ்நாளின் ஒரே ஆஸ்கரைப் பெற்றார். வரலாறு சில வேளைகளில் நாவலாசிரியனைவிடக் குறும்பானது.

படத்தின் கதை எளியது. தந்தையைக் கொன்ற டாம் சேனியைத் தேடி, ஆர்க்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித் நகருக்கு மேட்டி ராஸ் என்ற பெண் வருகிறாள். நாவலில் அவளுக்கு வயது 14. குடித்துக் குடித்து உடல் ஊதிய, ஒற்றைக் கண்ணுடைய மார்ஷல் ரூஸ்டர் காக்பர்னைக் கூலி பேசி அமர்த்துகிறாள். டெக்சாசில் ஒரு செனட்டரைக் கொன்றதற்காக அதே சேனியைத் தேடிவரும் லாபீஃப் என்ற காவலனும் சேர்ந்துகொள்கிறான். சேனி தூக்கில் தொங்கினால் மட்டும் போதாது, தன் தந்தையைக் கொன்ற குற்றத்துக்காகவே தொங்க வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் பிடிவாதம். இந்த நுணுக்கத்தில்தான் அவள் யார் என்பது இருக்கிறது. பழிவாங்கத் துடிக்கும் ஒரு குழந்தை என்று அவளைச் சுருக்கிவிட முடியாது. எழுதிய ஒப்பந்தம், கொடுத்த பணம், பெற்ற ரசீது ஆகியவற்றின் மேல் உலகம் நிற்கிறது என்று நம்பும் ஒரு கணக்குப் பிள்ளை அவள். குதிரை வணிகனிடம் அவள் பேரம் பேசும் காட்சியைக் கண்டவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

நாவலில் கதை சொல்பவள் அவளேதான், அதுவும் முதுமையில். பைபிள் வாசித்து வளர்ந்த, சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்த, நகைச்சுவை என்ற எண்ணமே இல்லாமல் நம்மைச் சிரிக்க வைக்கும் ஒரு கன்னிக் கிழவியின் நெஞ்சு நிமிர்ந்த நடை அது. படம் அந்தக் குரலை எடுத்துவிட்டது. ஆனால் அவள் பார்வையை விடவில்லை. ஏறத்தாழ எல்லாக் காட்சிகளிலும் மேட்டி இருக்கிறாள். ரூஸ்டர் குதிரையிலிருந்து போதையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கூடாரம் அடிக்கலாம் என்று அறிவிக்கும்போது நாம் சிரிப்பது அவனைப் பார்த்து மட்டுமா? பக்கத்தில் நின்று முகஞ்சுளிக்கும் அந்தப் பெண்ணின் ஏமாற்றமும் அந்தச் சிரிப்பில் கலந்திருக்கிறது. கூலி கொடுத்தவள் அவள். பொருள் தரமில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. ஆகவேதான், பின்னர் கடிவாளத்தைப் பல்லில் கவ்வி, இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி, நெட் பெப்பரையும் அவன் கூட்டாளிகளையும் எதிர்த்து அவன் பாயும்போது அந்தக் காட்சிக்கு அவ்வளவு எடை கிடைக்கிறது. ஒரு கிழக் குடிகாரன் தன்னைப் பற்றி ஒரு சிறுமி கொண்டிருந்த நம்பிக்கைக்குக் கடைசியில் ஈடு கொடுக்கிறான். அவள் குன்றின்மேல் இருந்து பார்க்கவில்லையென்றால், அது நால்வரோடு ஒருவன் மோதும் இன்னொரு துப்பாக்கிச் சண்டை, அவ்வளவே.

இனி 1975-க்கு வருவோம். இயக்கியவர் ஸ்டூவர்ட் மில்லர். 'லிட்டில் பிக் மேன்' படத்தைத் தயாரித்தவர். தயாரிப்பாளர் அதே ஹால் வாலிஸ். ஒற்றைக் கண், விஸ்கி, நீதிபதி பார்க்கர், சென் லீயின் கடைப் பின்கட்டு எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன. மேட்டி மட்டும் வரவில்லை. அவள் இடத்தில் யூலா குட்நைட் என்ற சமய ஊழியப் பெண்மணியாகக் காதரின் ஹெப்பர்ன் வருகிறார். ஹாக் என்பவனின் கும்பல் நைட்ரோகிளிசரின் ஏற்றிய வண்டியைக் கடத்துகிறது. வழியில் யூலாவின் தந்தையையும், அவரை அண்டி வாழ்ந்த பழங்குடி மக்களையும் கொல்கிறது. யூலாவும், குடும்பத்தை இழந்த உல்ஃப் என்ற பழங்குடிச் சிறுவனும் ரூஸ்டரோடு கிளம்புகிறார்கள். வண்டியைக் கைப்பற்றி, வெடிமருந்தோடு தெப்பத்தில் ஏறி ஆற்றோடு போகிறார்கள்.

இந்தச் சுருக்கத்தைப் படித்ததும் சிலருக்கு வேறொரு படம் நினைவுக்கு வந்திருக்கும். 1951-இல் வந்த 'தி ஆப்பிரிக்கன் குயீன்'. அதிலும் ஹெப்பர்ன்தான்; அதிலும் சமயப் பணி, பறிகொடுத்த உறவு, குடிகாரத் துணைவன், ஆறு, வெடிமருந்து. அந்தப் படத்துக்காக ஹம்ப்ரி போகார்ட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் தயாரிப்பாளரின் கணக்குப் புரிந்துவிடும். பரிசு பெற்ற இரண்டு படங்களை ஒரே தெப்பத்தில் ஏற்றியிருக்கிறார். ரூஸ்டர் தன் கதையின் தொடர்ச்சிக்குள் போவதாக எண்ணி வேறொருவன் கதைக்குள் புகுந்துவிட்டான்.

படத்தில் இன்பமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வெய்ன், ஹெப்பர்ன் இருவரும் 1907 மே மாதத்தில் பிறந்தவர்கள். 1974-இல் படப்பிடிப்பு நடந்தபோது இருவருக்கும் 67. புற்றுநோயால் 1964-இலேயே ஒரு நுரையீரலை இழந்தவர் வெய்ன். அத்தனை நாள் திரையுலகில் இருந்தும் இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படம் இதுதான். குதிரை மேல் அமர்ந்து ஒருவரையொருவர் வாயால் வெட்டிக்கொள்ளும் இடங்களில், எழுதப்பட்ட வசனத்தைவிட அவர்கள் கண்கள் நன்றாகப் பேசுகின்றன. ஓரிகன் மாநிலத்து ஆறும் மலையும் கண்ணுக்கு விருந்து. ஆர்க்கன்சாவை ஒட்டிய நிலப்பகுதியில் ஓரிகனின் மலைகள் எப்படி வந்தன என்று குறைகூறுவோர் உண்டு. 'ட்ரூ கிரிட்'டும் கொலராடோவிலும் கலிஃபோர்னிய மலையிலும் எடுக்கப்பட்டதே! நிலப்பொருத்தம் பார்ப்பதென்றால் இரண்டையும்தான் தள்ள வேண்டும்.

நம் குறை நடிப்பிலோ நிலத்திலோ இல்லை. இந்தப் படம் தானே எழுப்பிய கேள்வியைத் தானே மறந்துவிடுகிறது என்பதுதான் குறை. தொடக்கத்தில் நீதிபதி பார்க்கர் ரூஸ்டரின் பதவியைப் பறிக்கிறார். குடி ஒரு காரணம். கைது செய்யப் போகும் இடத்திலெல்லாம் பிணங்களோடு திரும்புவது மற்றொரு காரணம். ஆகா, முதற்படத்தின் நீதிமன்றக் காட்சியைத் தொட்டுவிட்டார்கள் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர், எத்தனை பேரைச் சுட்டாய், யார் முதலில் சுட்டது என்று குடைந்து குடைந்து கேட்பார். பார்வையாளர் வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவள் மேட்டி. இவன் சட்டத்தின் கையா, சட்டத்தின் பட்டையைக் குத்திக்கொண்ட கொலைகாரனா என்ற ஐயத்தோடேயே அவள் அவனை அமர்த்துவாள். அந்த ஐயம் படம் முழுவதும் அடங்காது.

இரண்டாம் படத்திலோ அதே ஐயம் முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும்தான். உடனே பதவி திரும்பி வருகிறது. இறுதியில் வெடிமருந்துப் பெட்டிகளை ஆற்றில் மிதக்கவிட்டு, ஹாக்கும் அவன் ஆட்களும் நெருங்கியதும் சுட்டு வெடிக்கச் செய்கிறான் ரூஸ்டர். ஒருவரும் மிஞ்சவில்லை. 'பிணங்களோடு திரும்புகிறாய்' என்று பதவி பறிக்கப்பட்டவன், பிணம்கூட மிஞ்சாதபடி வேலையை முடித்துவிட்டு அதே பதவியை நிரந்தரமாகப் பெறுகிறான். சமய ஊழியப் பெண்மணி அவனுக்காகப் பரிந்து பேசுகிறார். இதில் உள்ள முரணை உணர்ந்து எழுதியிருந்தால் கூர்மையான எள்ளலாகியிருக்கும். உணர்ந்ததாகத் தெரியவில்லை. பார்வையாளர் கைதட்ட வேண்டும் என்றே படம் எதிர்பார்க்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? ரூஸ்டரைப் பார்க்க வேண்டிய கண் இடம் மாறிவிட்டது என்பதே நம் விடை. மேட்டி அவனுக்குக் கூலி கொடுத்தவள், வயதில் பேத்தி போன்றவள், அவன்மேல் காதல் கொள்ள வாய்ப்பே இல்லாதவள். ஆகவே அவள் தீர்ப்புக்கு மதிப்பு இருந்தது. யூலா அவனுக்கு நிகரான வயதினள். படம் போகப்போக அவனை மெல்ல விரும்பத் தொடங்குகிறாள். கண்டிக்கிறாள், ஆனால் கண்டிப்பு ஊடலாகிவிடுகிறது. குடியைப் பற்றி அவள் சொல்வதெல்லாம் அவனுக்கு வீட்டுக்காரியின் செல்லத் திட்டு. நீதிபதியின் இடத்தில் தலைவியை அமர்த்திவிட்டால் வழக்கு எப்படி நடக்கும்? இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொல்லப்பட்ட பழங்குடி மக்கள், கதை புறப்படுவதற்கு ஒரு காரணமாகப் பயன்பட்டபின் எவர் நினைவிலும் இல்லை. உல்ஃபுக்குத் துக்கப்பட ஒரு நாழிகை கூடத் திரைக்கதை ஒதுக்கவில்லை.

முதற்படத்திலேயே இந்த வழுக்கலுக்கு வித்து இருந்தது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. போர்ட்டிசின் நாவலுக்கு இரண்டாம் பாகம் எழுத முடியாது. பாம்பு கடித்த மேட்டியைத் தூக்கிக்கொண்டு, குதிரை செத்து விழும்வரை ஓட்டி, ரூஸ்டர் அவள் உயிரைக் காக்கிறான். ஆனால் கை போய்விடுகிறது. அதன்பின் அவள் அவனை உயிரோடு பார்ப்பதே இல்லை. ஏறத்தாழ ஒரு கால் நூற்றாண்டு கழித்து, அவன் ஏதோ ஒரு காட்சிக் குழுவில் வித்தை காட்டிக்கொண்டிருப்பதாக அறிந்து காணப் போகிறாள். போவதற்குச் சில நாள் முன்னர்தான் அவன் இறந்திருக்கிறான். உடலைத் தோண்டி எடுத்துவந்து தன் குடும்ப இடுகாட்டில் புதைக்கிறாள். ஊர் என்ன சொல்கிறது என்பது அவளுக்குப் பொருட்டல்ல. அத்தோடு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

1969-இன் படம் அந்தக் கதவைத் திறந்தே வைத்தது. கை போகவில்லை, கட்டுப்போட்டுத் தொங்குகிறது. கிழவி இல்லை, காலம் இல்லை. பனி மூடிய குடும்ப இடுகாட்டில், தன் பக்கத்தில் அவனுக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தருவதாக மேட்டி சொல்கிறாள். நெகிழ்ச்சியான காட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் என்ன செய்கிறான்? தொப்பியை வீசி, குதிரையை வேலிக்கு மேல் தாவச் செய்து பாய்ந்து போகிறான். அந்தத் தாவலில்தான் 'ரூஸ்டர் காக்பர்ன்' பிறந்தது. கல்லறையைக் காட்டிய பெண்ணைப் பின்னால் விட்டுவிட்டு வேலி தாண்டிய கிழவனை ஒரு தயாரிப்பாளர் அந்தப் பக்கம் காத்திருந்து பிடித்துக்கொண்டார். 1978-இல் வாரன் ஓட்ஸ் நடித்த ஒரு தொலைக்காட்சிப் படமும் மேட்டியோடு சேர்த்து அவனை மறுபடி பிடிக்க முயன்றது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

தமிழ் நடத்துபவர்களுக்கு ஒரு நோய் உண்டு; எதைப் பார்த்தாலும் நன்னூலுக்குப் போய்விடுவோம். வாசகர் பொறுத்தருள வேண்டும். நூல்களை முதல், வழி, சார்பு என வகுக்கும் பவணந்தியார், வழிநூல் முன்னவன் கண்ட முடிபோடு ஒத்துச் சென்று, பின்னவன் விரும்பும் வேறுபாடுகளையும் கொள்ளலாம் என்கிறார். வேறுபடலாம், எதில் ஒத்துப்போக வேண்டும் என்பதே கேள்வி. மரபு இரட்டைக் காப்பியம் என்று சேர்த்து வழங்கும் சிலம்பையும் மேகலையையும் பாருங்கள். சாத்தனார் கோவலனை எழுப்பிக்கொண்டு வரவில்லை. கண்ணகியின் சீற்றத்தை இன்னொரு நகரத்தில் மறுபடி எரியவிடவில்லை. அந்தத் தீ விட்டுச்சென்ற சாம்பலில் நிற்கும் மாதவியிடமிருந்தும் அவள் மகளிடமிருந்தும் தொடங்குகிறார். இந்திர விழாவுக்கு ஆட வராத தாயும் மகளும்தான் அந்தக் காப்பியத்தின் வாசல். சமயம் மாறுகிறது, சுவை மாறுகிறது, நாயகி மாறுகிறாள். வஞ்சியில் கண்ணகி மறுபடி தோன்றும்போதும் கடவுட் படிமமாக நின்று, தன் வினையைப் பற்றியே பேசுகிறாள். முதற்கதையில் நடந்தது உண்மையிலேயே நடந்தது, அதற்கு விளைவு உண்டு என்ற ஒரே இடத்தில்தான் சாத்தனார் இளங்கோவோடு ஒத்துப்போகிறார். அது போதும்.

'ரூஸ்டர் காக்பர்ன்' இதற்கு நேர்மாறு. கண்பட்டை முதல் விஸ்கி வரை எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறது. முதற்கதை நடந்தது என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. மேட்டி என்றொருத்தி அவன் வாழ்வில் வந்து போனதன் தழும்பு அவன்மேல் எங்கும் இல்லை.

கௌபாய்ப் படங்களுக்கே தொடர்ச்சி ஒத்துவராது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். செர்ஜியோ லியோனே 1964-இல் எடுத்த 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தை அடுத்து, 1965-இல் 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' வந்தது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் போர்வையும் சுருட்டும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் லீ வான் கிளீஃபின் கர்னல் மார்ட்டிமரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் லியோனே. பணத்துக்காகத் தலை எடுப்பவன் என்று நாம் எண்ணிய கர்னல், இறந்துபோன தங்கைக்காக வந்திருக்கிறான் என்பதை இசை எழுப்பும் ஒரு பைக்கடிகாரத்தின் வழியே மெல்ல அறிகிறோம். கடைசிச் சண்டையில் ஈஸ்ட்வுட்டின் வேலை சண்டை போடுவது அன்று. சண்டை நேர்மையாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது! முதற்படத்தின் நாயகனைச் சாட்சியாக்கிய துணிவு அது. மில்லரின் படத்தில் சாட்சியே காணாமற்போய் நாயகன் மட்டும் நிற்கிறான்.

2010-இல் கோயன் சகோதரர்கள் மீண்டும் 'ட்ரூ கிரிட்' எடுத்தபோது, ஜான் வெய்னின் இடத்தில் ஜெஃப் பிரிட்ஜஸா என்று பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் படத்துக்குப் போகவில்லை, நாவலுக்குப் போனார்கள். கிழவியின் குரல் திரும்பி வந்தது, துண்டிக்கப்பட்ட கை திரும்பி வந்தது, காலந்தாழ்ந்து சென்ற பயணமும் இடுகாடும் திரும்பி வந்தன. ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டின் மேட்டி படத்தைத் தன் தோளில் சுமந்தாள். அந்தப் படத்துக்குப் பின் இன்னொரு 'ரூஸ்டர் காக்பர்ன்' வரவில்லை. வர வழியும் இல்லை.

ஆனால் வெய்னின் ரூஸ்டருக்கு உண்மையான தொடர்ச்சி ஒன்று உண்டென்பது நம் எண்ணம். அதில் ரூஸ்டர் என்ற பெயர் இல்லை, கண்பட்டை இல்லை. 1976-இல் டான் சீகல் இயக்கிய 'தி ஷூட்டிஸ்ட்', வெய்னின் கடைசிப் படம். ஜே. பி. புக்ஸ் என்ற முதிய துப்பாக்கிக்காரன், 1901-இல் கார்சன் சிட்டிக்கு வருகிறான். புற்றுநோயால் தனக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்று மருத்துவர் வாயால் கேட்கிறான். அவன் கடந்த காலத்தைக் காட்டப் படத்தின் தொடக்கத்தில் சீகல் பயன்படுத்துவது வெய்னின் பழைய படங்களிலிருந்து எடுத்த துண்டுகளை. 'ரெட் ரிவர்', 'ஹாண்டோ', 'ரியோ பிராவோ', 'எல் டொராடோ' என ஓடி மறைகின்றன; இளைஞன் கண்முன்னே கிழவனாகிறான். சுட்டதெல்லாம் கணக்கில் ஏறியிருக்கிறது. அவன் தங்கும் விடுதிப் பெண்மணியாக லாரன் பகால். அவளும் அவனைக் கண்டிக்கிறாள், அந்தக் கண்டிப்பு ஊடலாவதில்லை.

அவள் மகன் கில்லமாக ரான் ஹவர்ட் நடித்திருக்கிறார். கிழவனின் புகழில் மயங்கிய பையன், கடைசிச் சண்டையில் அவனைப் பின்னாலிருந்து சுட்டவனைத் தானே சுட்டுவிட்டு, கையிலிருக்கும் துப்பாக்கியைப் பார்க்கிறான். பிறகு அதைத் தூர வீசி எறிகிறான். தரையில் சாய்ந்து கிடக்கும் வெய்ன் அதைக் கண்டு, மெல்லத் தலையசைக்கிறார்.